மராத்தன் வெளியும் மறவாத பெயர்களும்

பழம்பெரும் இடங்களை நாடிச் செல்லும் விழைவு மாந்தர்க்குப் புதிதன்று. இறைவனை நாடிச் சென்றோர் உண்டு. பொருளை நாடிச் சென்றோர் உண்டு. கல்வியை நாடிக் கடல் கடந்தோரும் உண்டு. இருபதாம் நூற்றாண்டில் இவற்றோடு மற்றொரு பயணமும் சேர்ந்தது. பல நாட்டு இளைஞர் ஓரிடத்தே கூடிச் சில நாட்கள் ஒன்றாக உண்டு, உறங்கி, உரையாடி, அந்நாட்டின் தொன்மைச் சின்னங்களையும் கண்டு திரும்பும் பயணமே அது. அத்தகைய பயணங்களுள் ஒன்று 1963-ஆம் ஆண்டில் கிரேக்க நாட்டு மராத்தன் வெளியை நோக்கி நிகழ்ந்தது. அதன் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

சாரணர் இயக்கம் 1907-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரௌன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய சிறு முகாமிலிருந்து முளைத்தது. செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கு ஒரே கூடாரத்தில் தங்கினர். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1920-இல், முதல் உலகச் சாரணர் பேரணி இலண்டன் நகரில் கூடியது. ஜம்போரி என்பது அதற்கு இடப்பட்ட பெயர். 34 நாடுகளிலிருந்து ஏறத்தாழ 8,000 சாரணர் வந்திருந்தனர். அவர்கள் கூடிய மண்டபத்தின் பெயர் ஒலிம்பியா. கிரேக்கப் பெயர் தாங்கிய கூடத்தில் தொடங்கிய பேரணி, நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்துக் கிரேக்க மண்ணுக்கே சென்றது.

எல்லார்க்கும் பொதுவான இயக்கம் என்று இது பேசப்பட்டாலும், தொடக்கத்தில் நம் நாட்டில் அந்தப் பொதுமை இருக்கவில்லை. இந்தியாவில் ஆங்கிலேயர் அமைத்த சாரணர் படைகளில் இந்தியச் சிறுவர்க்கு இடம் மறுக்கப்பட்டது. முதலாம் உலகப் போர் நடந்த நாளில், அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தை நிறுவியதற்கு இதுவே காரணம். 1921-இல் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்தபோது அச்சங்கம் அவருடைய இயக்கத்தோடு இணைந்தது. இந்தியச் சிறுவர்க்கும் கதவு திறந்தது. விடுதலைக்குப் பின், 1950-இல், பாரதச் சாரணர் இயக்கம் ஒரே அமைப்பாக உருப்பெற்றது.

இனி மராத்தனுக்கு வருவோம். ஏதென்ஸ் நகருக்கு வடகிழக்கே, ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், மலைக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் சமவெளி அது. கி.மு. 490-இல் பாரசீகப் பேரரசன் தாரியஸின் படை அங்குக் கரையிறங்கியது. ஏதென்ஸ் நகரத்தாரும், அவர்க்குத் துணையாகப் பிளாட்டியா என்னும் சிற்றூரினின்று வந்தோரும் அப்படையை எதிர்த்து வென்றனர். பாரசீகர் 6,400 பேரும், ஏதென்ஸ் வீரர் 192 பேரும் மாண்டனர் என்று எரோடோட்டஸ் எழுதியுள்ளார்.

போரில் இறந்தாரை நகருக்குக் கொணர்ந்து பொது இடுகாட்டில் அடக்கம் செய்வதே ஏதென்ஸ் நகரத்தாரின் வழக்கம். மராத்தனில் வீழ்ந்தோர்க்கு மட்டும் அவ்வழக்கம் விலக்கப்பட்டது. அவர்தம் ஆண்மையைப் போற்றி, வீழ்ந்த இடத்திலேயே அவர்களுக்கு நினைவுமேடு எழுப்பினர் என்று துசிடிடீஸ் கூறுகிறார். ஏறத்தாழ 9 மீட்டர் உயரமுள்ள அம்மேடு இன்றும் நிற்கிறது. 1890, 1891 ஆகிய ஆண்டுகளில் அங்கு நடந்த அகழாய்வில் எரியூட்டிய சாம்பலும் எலும்பும் வெளிப்பட்டன. மேட்டின்மேல் கற்கள் நாட்டி, இறந்தோர் பெயர்களை அவரவர் குலவாரியாகப் பொறித்திருந்தனர் என்பதைப் பௌசேனியஸ் என்னும் பயண நூலாசிரியர் கண்டு எழுதினார்.

இவ்விடத்தைக் காண வந்த முதற் பயணியர் யாவர்? அவர்களும் ஒரு படையினரே. உதவி வேண்டிய ஏதென்ஸ் நகரத்தார்க்கு, முழுநிலவு கழியுமுன் புறப்படுதல் தம் மரபன்று எனக் கூறித் தாமதித்தனர் ஸ்பார்ட்டா நாட்டார். பின்னர் அவர்களுள் 2,000 பேர் விரைந்து வந்தபோது போர் முடிந்திருந்தது. எனினும் களத்தைக் காணாமல் திரும்ப அவர்கள் மனம் இசையவில்லை. மராத்தனுக்குச் சென்று, வீழ்ந்து கிடந்தோரைக் கண்டு, வென்றோரைப் பாராட்டித் தம் ஊர் திரும்பினர்.

அவர்க்குப் பின்னர் இளைஞர் வந்தனர். ஏதென்ஸ் நகரில் பதினெட்டு வயது எய்திய இளைஞரை அணி அணியாகச் சேர்த்துப் பயிற்சி அளிப்பது மரபு. கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்வெட்டொன்று, அவ்விளைஞர் அணி மராத்தன் மேட்டிற்குச் சென்று மலர்முடி சூட்டி வழிபட்டதைக் குறிப்பிடுகிறது. போர் நடந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்தபின் நிகழ்ந்தது இது. இளையோரை நினைவிடத்திற்கு அழைத்துச் செல்லும் வழக்கம் நம் காலத்துக் கண்டுபிடிப்பன்று என்பது இதனால் தெளிவாகும்.

இத்தகைய வெளியிலேதான் 1963 ஆகஸ்டுத் திங்களில் பதினோராம் உலகச் சாரணர் பேரணி கூடியது. ஏறத்தாழ 14,000 இளைஞர் திரண்டனர். வாளும் வேலும் மோதிய சமவெளியில் கூடாரங்கள் எழுந்தன. படை இறங்கிய கடற்கரைக்கு விருந்தினர் வந்து சேர்ந்தனர்.

ஆனால், புறப்பட்டோர் அனைவரும் வந்து சேரவில்லை.

இதற்கு முந்திய பேரணி 1959-இல் பிலிப்பைன்ஸ் நாட்டு மக்கிலிங் மலைச்சாரலில் நடைபெற்றது. ஆசியாவில் நிகழ்ந்த முதல் ஜம்போரி அதுவே. அன்று விருந்தளித்த நாட்டின் சாரணர், 1963-இல் விருந்தினராகக் கிரேக்க நாட்டுக்குப் புறப்பட்டனர். அவர்களுள் 24 பேர், டோக்கியோவிலிருந்து ஹாங்காங், பாங்காக், பம்பாய் வழியாகக் கெய்ரோ செல்லும் ஐக்கிய அரபு விமான நிறுவனத்தின் கோமெட் விமானத்தில் ஏறினர். சிறுவர்களும் அவர்களை அழைத்துச் சென்ற தலைவர்களும் அக்குழுவில் இருந்தனர்.

ஜூலை 28-ஆம் நாள் இரவு, பருவமழை கொட்டிய வேளையில், சாந்தா குரூஸ் விமான நிலையத்தை அணுகிய அவ்விமானம் மத் தீவுக்கு அப்பால் அரபிக் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 63 பேரும் மாண்டனர். பேரணி தொடங்குவதற்குச் சில நாட்களே எஞ்சியிருந்தன. ஸ்பார்ட்டா வீரர் தாமதமாகவேனும் மராத்தனைக் கண்டனர். இப்பிள்ளைகளோ அதனைக் காணவேயில்லை.

இன்று மும்பை எனப்படும் அந்நகரில் வாழும் தமிழர் பல்லாயிரவர். மாலை வேளையில் ஜுஹு கடற்கரையில் உலவும் அன்பர்கள் வடமேற்கே நோக்குவாராயின், அந்தத் துயரம் நிகழ்ந்த கடற்பரப்பின் திசையையே நோக்குகின்றனர். அங்குக் கல்லும் இல்லை, மேடும் இல்லை. கடலில் நினைவிடம் எழுப்புதல் எவர்க்கும் இயலாது.

ஆயினும் பிலிப்பைன்ஸ் மக்கள் வேறொரு வழி கண்டனர். கேசோன் நகரில் ஒரு பகுதியின் தெருக்களுக்கு இறந்த சாரணரின் பெயர்களையே சூட்டினர். ஒவ்வொரு பெயரின் முன்னும் சாரணர் என்ற சொல் நிற்கிறது. தீமோக் பெருஞ்சாலையும் தோமாஸ் மொராத்தோ சாலையும் கூடும் நாற்சந்தியில் அவர்கட்கு நினைவுச் சின்னமும் அமைந்துள்ளது. உணவகங்கள் மலிந்த பகுதி அது. வாடகை வண்டி ஓட்டுநரிடம் இடம் சொல்வோரும், கடிதத்தின்மேல் முகவரி எழுதுவோரும் நாள்தோறும் அப்பெயர்களை உச்சரிக்கின்றனர். பெயருக்குரியவர் யாரென அறியாதோரும் அப்பெயரைச் சொல்லாமல் தம் வீடு சேர இயலாது.

இது தமிழர்க்குப் புரியாத பண்பன்று. வீழ்ந்தோர்க்குக் கல் நட்டுப் பெயர் பொறித்தல் நம் தொல்மரபு. 2006-ஆம் ஆண்டில் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்று ஆநிரைப் பூசலில் இறந்த ஒருவனின் பெயரை நமக்குச் சொல்கிறது. அவன் அரசனல்லன், காவியத் தலைவனுமல்லன். மராத்தன் மேட்டின் கற்களும், தேனி மண்ணின் கல்லும், கேசோன் நகரின் தெருப்பலகையும் செய்யும் பணி ஒன்றே. இறந்தாரை எண்ணிக்கையாகக் கரைந்துபோக விடாமல், ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நிறுத்துவதே அப்பணி.

மராத்தனில் தோற்ற பாரசீகரின் நாட்டிலும் ஒரு பேரணி கூட இருந்தது. 1979-ஆம் ஆண்டு ஜம்போரிக்கு ஈரான் நாட்டு நிஷாப்பூர் நகரம் தெரிந்தெடுக்கப்பட்டது. உமர் கய்யாம் பிறந்த ஊர் அது. அவ்வாண்டு அந்நாட்டில் எழுந்த புரட்சியால் அப்பேரணி நடவாமற் போயிற்று. இளைஞர் கூடுவதற்கு நல்லெண்ணம் மட்டும் போதாது. காலமும் காற்றும் இசைதல் வேண்டும் என்பதற்கு இவ்விரு நிகழ்ச்சிகளும் சான்று.

பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நம்மவர், விடுமுறை நாட்களில் தம் மக்களைக் கோட்டைகளுக்கும் கோயில்களுக்கும் அழைத்துச் செல்கின்றனர். நல்ல வழக்கம் அது. அங்குக் கட்டடத்தின் உயரத்தையும் ஆண்டையும் சொல்வதோடு அமையாது, அவ்விடத்தோடு இணைந்த ஓர் எளிய மனிதரின் பெயரையேனும் பிள்ளைகளுக்குச் சொல்லுதல் நலம். கல்வெட்டில் இருப்பின் படித்துக் காட்டலாம். தெருவின் பெயராக இருப்பின் அது யாருடைய பெயரென வினவச் செய்யலாம். ஏதென்ஸ் இளைஞர் மலர்முடி ஏந்திச் சென்ற பின்னரும், அம்மேடு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் நின்று, மற்றோர் இளைஞர் கூட்டத்தை வரவேற்றது. நினைவிடத்தைக் கட்டுவோர் ஒரு தலைமுறையினர்; அதனைக் காப்போர் அங்குச் செல்லும் ஒவ்வொரு தலைமுறையினரும் ஆவர்.