விருப்பாச்சி: பழமாகக் கனிந்த ஓர் ஊர்ப்பெயர்

செவ்வாழை, பச்சை வாழை என்று நிறத்தைப் பார்த்துப் பெயரிட்ட தமிழ் வாய், திண்டுக்கல் மாவட்டத்து மலைவாழைகள் இரண்டுக்கு இடத்தையே பெயராக்கி வைத்தது; ஒன்று சிறுமலை, மற்றொன்று விருப்பாச்சி. ‘விருப்பாச்சி இருக்கா?’ என்று கடையில் கேட்கிறோமே, அது பழுதற்ற இடவாகுபெயர்.

சிறுமலை தூய பண்புத்தொகை. பிரித்த மாத்திரத்தில் பொருள் துலங்கிவிடும். விருப்பாச்சியோ அடுக்கடுக்காக உரிக்க வேண்டிய பெயர். முக்கண்ணனைக் குறிக்கும் ‘விரூபாக்ஷன்’ என்னும் வடசொல், மாறுபட்ட வடிவினைச் சொல்லும் ‘விரூப’மும் கண்ணைச் சொல்லும் ‘அக்ஷ’மும் கூடிப் பிறந்தது. ஹம்பியில் கோயில் கொண்டு விசயநகர மன்னர்களின் வழிபடு தெய்வமாய் விளங்கியவனும் அவனே. ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி செல்லும் வழியில், மலையடிவாரத்து ஊருக்கு அப்பெயர் ‘விரூபாக்ஷி’ என்று அமைய, நம் நாக்கு அதைத் தன் வழிக்குத் திருத்திக்கொண்டது: நெடில் ‘ரூ’ குறுகிற்று, பகரம் இரட்டித்தது, ‘க்ஷ’ நெகிழ்ந்து சகரமாயிற்று. ‘த்ராக்ஷா’வைத் திராட்சை என்று எழுதித் ‘திராச்சை’ என்று சொல்லுகிற நாக்குதானே! இரட்டித்த அந்தப் பகரத்தால் தமிழ்ச் செவிக்கு ‘விருப்பு’ம் கேட்கிறது, பின்னால் ‘ஆச்சி’யும் கேட்கிறது. வேர் அதுவன்று எனினும், விரும்பி வாங்கும் பழத்துக்கு வாய்த்த இந்த ஒலிப்பேறு இனிக்கத்தான் செய்கிறது.

பொருளும் ஓரிடத்தில் நிற்கவில்லை. 1801-இல் தூக்கிலிடப்பட்ட பாளையக்காரர் கோபால நாயக்கரின் காலத்தில் விருப்பாச்சி என்றால் ஒரு பாளையம். இன்று அச்சொல்லைக் கேட்டதும் பலருக்கு முதலில் நாவூறுகிறது. இத்தனைக்கும் இந்த வாழை அடிவாரத்து ஊரில் விளைவதன்று. மேலே தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற மலையூர்களில் காப்பிச் செடிகளுக்கு நிழலாக நின்று காய்க்கிறது. விளைந்த இடம் மலை, பெயர் தந்தது அடிவாரம்.

கண்ணை நம்பி வாங்குகிறவர் இப்பழத்தைத் தாண்டிப் போய்விடுவார். சிறிய பழம், கனியக் கனியத் தோல் கறுக்கும். ‘விரூப’த்தின் நேர்ப்பொருள் தோலில் தெரிகிறதோ என்று கூட விளையாட்டாய்ச் சொல்லலாம்! உரித்தால் நீர்ப்பற்றுக் குறைந்த, இறுகிய, மணக்கும் சதை. பழனிப் பஞ்சாமிர்தத்தில் சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு, ஏலம் எல்லாம் சேர்ந்தும் ஒரு துளி நீர் சேராமல் பக்குவம் நிற்பதற்கு அந்தச் சதையே துணை. அதனால்தான் வாங்குகிறவர் தோலைப் பாராமல் பெயரைக் கேட்கிறார். ‘நாட்டுப் பழமா, மலைப்பழமா?’ என்று மண்ணை விசாரித்து, விருப்பாச்சி என்று விடை வந்தபின்தான் கையை நீட்டுகிறார். தரைப்பழத்தை அப்பெயரில் விற்க முனைந்தால், உரித்த கையே பொய்யைக் கண்டுபிடித்துவிடும்.

பஞ்சாமிர்தம் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதற்கு முன்பே இரு மலைவாழைகளும் பெற்றுவிட்டன. ஆனால் பதிவேட்டில் ஏறியது ‘விரூபாக்ஷி’ என்னும் வடவொலி வடிவம். சட்டத்துக்கு அது போதும். பழக்கடையிலோ, இரட்டித்த பகரத்தோடு கேட்டால்தான் பழம் வரும்.