ஓன்லி

பழைய ஆங்கிலத்தில் இது 'ஆன்லிக்'. 'ஆன்' என்றால் ஒன்று. 'லிக்' என்றால் போன்றது. அந்த 'ஆன்' தனிச்சொல்லாக நிற்கும்போது காலப்போக்கில் 'வன்' என்று ஒலி திரிந்தது. 'ஓன்லி', 'அலோன்' இரண்டிலும் பழைய ஓகாரம் அப்படியே தங்கிவிட்டது. 'வன்'னுக்கும் 'ஓன்லி'க்கும் உள்ள உறவு காதுக்குப் பிடிபடாமல் போனதற்கு இதுவே காரணம்.

நிபந்தனை வாக்கியத்தில் இச்சொல்லின் இடம் முக்கியம். 'இஃப் ஓன்லி' என்றால் ஏக்கம்: அவர் மட்டும் வந்திருந்தால்! 'ஓன்லி இஃப்' என்றால் கறார். 'யூ கேன் என்டர் ஓன்லி இஃப் யூ ஹேவ் எ டிக்கெட்': சீட்டு இருந்தால்தான் நுழையலாம். நம் 'தான்' ஓரசையில் முடிக்கும் வேலை இது. ஆனால் சீட்டுள்ள எல்லோருக்கும் இடம் உண்டு என்று இவ்வாக்கியம் உறுதி தரவில்லை. சீட்டு இல்லாதவருக்கு இல்லை என்பதோடு நிற்கிறது. வழக்குரைஞர்கள் விரும்பும் இடைவெளி!

'ஓன்லி இஃப்' வாக்கியத்தின் தலைக்கு வந்தால், முதன்மை வாக்கியத்தில் 'கேன்', 'மே', 'வில்' போன்ற துணைவினை எழுவாயைத் தாண்டி முன்னே வந்தாக வேண்டும்: 'ஓன்லி இஃப் யூ ஹேவ் எ டிக்கெட் கேன் யூ என்டர்'. தேர்வுத்தாளில் பலர் வழுக்குவது இங்கேதான்.

கணிதத்தாருக்கு 'இருந்தால் நுழையலாம்', 'இருந்தால்தான் நுழையலாம்' என்ற இரண்டு திசையும் வேண்டும். 'இஃப் அண்ட் ஓன்லி இஃப்' என்று நீட்டாமல், 'இஃப்' என்பதில் 'எஃப்' எழுத்தை இரட்டித்து எழுதுகிறார்கள். ஜான் கெல்லியின் 1955ஆம் ஆண்டு இடவியல் நூல் இக்குறியைப் பரப்பியது. உருவாக்கியவர் பால் ஹால்மோஷ் என்பார்கள்.