ஏணி இல்லாத ஏற்றம்: பாதல் சர்க்காரும் அமெச்சூர் என்ற சொல்லும்

பாதல் சர்க்காரைப் பற்றி நம்மிடையே வசதியான ஒரு கதை உலவுகிறது. முதலில் நடித்தார், பிறகு இயக்கினார், அப்புறம் எழுதினார், கடைசியில் மேடையையே உதறிவிட்டு மக்களிடம் வந்தார் என்பதாக. ஏதோ ஏணியில் படிப்படியாக ஏறின மாதிரி! எனக்கு இந்த ஏணியில் நம்பிக்கையில்லை. நடிக்கிறவனைவிட எழுதுகிறவன் ஒரு படி மேல் என்கிற மேட்டிமைதான் அதற்குள் ஒளிந்திருக்கிறது. நாடகத்தை வெறும் இலக்கியப் பிரதியாக நடத்தி முடிக்கிற தமிழ் எம்.ஏ. வகுப்பறையில் உட்கார்ந்து எழுந்தவன் என்பதால், அந்த மேட்டிமையின் வாசனை எனக்கு நன்றாகவே தெரியும்.

1925இல் கல்கத்தாவில் பிறந்தவர். சிப்பூரில் சிவில் இன்ஜினியரிங் படித்து, நகரத் திட்டமிடல் வேலைக்குப் போனவர். நாடகம் அவருக்கு வேலை போக மிச்ச நேரத்துக் காரியம். நடிகராக ஆரம்பித்து எழுத்துக்கு வந்தபோதும் முதலில் எழுதியவை நகைச்சுவை நாடகங்கள். 'சொல்யூஷன் எக்ஸ்' (1956) ஒரு ஹாலிவுட் படத்தின் தழுவல். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மேடையில் நின்று பழகியவனுக்கு எந்த வாக்கியம் வாயில் நிற்கும், எது வழுக்கி விழும் என்பது தெரியும்.

'ஏவம் இந்திரஜித்'தில் (1963) அமல், விமல், கமல் என்று அச்சில் வார்த்த மூன்று பேர், ஒட்டாத நான்காவது ஆளாக இந்திரஜித். இவர்களை வைத்து ஒரு நாடகம் எழுதப் பார்த்து, முடியாமல் தவிக்கிற எழுத்தாளன் தானும் ஒரு பாத்திரமாக மேடையில் நிற்கிறான். இருத்தலியம், அபத்தம் என்று இதைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. நடிகனாயிருந்து எழுத வந்த ஒருவர், எழுத்து என்கிற அதிகாரம் திக்கித் திணறுவதையே நாடகமாக்குகிறார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

1967இல் சதாப்தி குழு. எழுபதுகளில் ஒளியமைப்பு, ஒப்பனை, காட்சித் திரை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று விழுகின்றன. ஹோவர்ட் ஃபாஸ்ட்டின் நாவலிலிருந்து எடுத்த 'ஸ்பார்ட்டகஸ்', 'மிச்சில்' (ஊர்வலம், 1974), சுந்தரவனக் கூலி விவசாயியை மையமாகக் கொண்ட 'போமா' (1976) எல்லாவற்றிலும் உடல்களே சுவர், உடல்களே கூட்டம். 'போமா'வில் கோவையான கதையும் கிடையாது, நிலையான பாத்திரங்களும் கிடையாது. எழுத்தாளன் நடிகனின் உடம்புக்குத் திரும்பி வந்துவிட்டான். ஏணிக்காரர்கள் இதை எந்தப் படியில் வைப்பார்களோ!

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கிராமத்து நாட்டார் அரங்கு முதலாவது, நகரத்து மேடை இரண்டாவது, இரண்டையும் உள்வாங்கியது மூன்றாவது என்றார் சர்க்கார். மூன்றாம் அரங்குக்கு டிக்கெட் இல்லை; பார்த்தவர்கள் கொடுப்பதை வாங்கிக்கொள்வது. நாடகத்தைச் சரக்காக்க மறுத்த இந்த நேர்மை பெரிது. ஆனால் அது சாத்தியமானதற்குக் காரணம், குழுவில் பலர் பிழைப்புக்கு வேறு வேலை பார்த்ததுதான். அமெச்சூர் என்ற சொல்லுக்குள் ஒரு மாதச் சம்பளம் உட்கார்ந்திருக்கிறது.

1980இல் சென்னையை அடுத்த சோழமண்டலத்தில் அவர் நடத்திய பட்டறையிலிருந்து நம்மவர்கள் உடற்பயிற்சிகளை எடுத்துக்கொண்டார்கள், வட்டமாக நிற்பதை எடுத்துக்கொண்டார்கள். இந்தச் சம்பளக் கணக்கை மட்டும் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. காசு வாங்காததே புரட்சி என்று ஒரு ஒழுக்கவாதம் மெல்ல உருவாகிவிட்டது. ராத்திரி முழுக்க ஆடிவிட்டு, விடிந்ததும் அரிதாரம்கூடக் கலைக்காமல், பேசின பணத்தை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு நிற்கிற கூத்துக்காரரிடம் போய் இதைச் சொல்ல முடியுமா நம்மால்?