தோதகத்தியும் ஒட்டுப்பலகையும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில் கனரக லாரிகளுக்கிடையே சிக்கிக்கொண்டவர்களுக்கு, முன்னால் நிற்கும் மோட்டார் சைக்கிளின் சின்னத்தை ஆராய நேரம் கிடைக்கும். யமஹா வண்டியானால் அச்சின்னத்தில் குறுக்கிட்டுக் கிடப்பவை மூன்று இசைக்கவைகள். பள்ளி ஆய்வகத்தில் ரப்பர் கட்டையில் தட்டிக் காதருகே வைப்போமே, அதே கருவிதான். ஒரகடத்தை அடுத்த வல்லம் வடகாலில் ஆலை நடத்தும் மோட்டார் நிறுவனம், இசைக்கருவி செய்துவந்த தாய் நிறுவனத்திலிருந்து 1955இல் பிரிந்தது. தாயும் பிறகு நம் பக்கம் வந்துவிட்டது. 2019இல், இங்கிருந்து தென்கிழக்கே திருப்போரூர் வட்டாரத்தில், கீபோர்டுகளும் அகூஸ்டிக் கிதார்களும் செய்யத் தொடங்கியது.

சென்னைக் கிதார் என்றதும் இசையறிந்த நண்பர்கள் சிலர் முகம் சுளிப்பதைக் கண்டிருக்கிறேன். அந்தச் சுளிப்புக்கும் ஒரு வரலாறு உண்டு.

1887இல் ஹமமட்சு நகரப் பள்ளியொன்றின் பழுதடைந்த ஆர்கனைச் சரிசெய்யப் போன டொரகுசு யமஹா, அதைப் பார்த்துத் தாமே ஒன்றைச் செய்தார். நண்பரோடு சேர்ந்து அதைக் காவடிபோல் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு ஹகோனே மலையைக் கடந்து டோக்கியோ போனார். அங்கிருந்த இசை வல்லுநர்களோ சுருதி சேரவில்லை என்றனர். அவர் அங்கேயே தங்கிச் சுருதி இலக்கணம் கற்று, ஊர் திரும்பி மறுபடி செய்தார். நேர்மையான விமர்சனத்துக்கு நேர்மையான பதில் என்றே இதைச் சொல்ல வேண்டும். 1897இல் நிப்பான் காக்கி என்ற பெயரில் நிறுவனம் உருவானது.

1966இல் அது வெளியிட்ட எஃப்ஜி 180 கிதாரின் மேற்பலகை ஒட்டுப்பலகை. நல்ல கிதாருக்கு மேற்பலகை ஸ்புரூஸ் மரத்தின் ஒரே அடுக்காக இருக்க வேண்டும். அது தடையின்றி அதிரும், வயதாக ஆக நாதம் கனியும் என்பது மரபான கருத்து. ஒட்டுப்பலகையின் அடுக்குகள் ஒன்றன் அதிர்வை மற்றொன்று அடக்கிவிடும். கருத்து சரிதான். ஆனால் அடுக்கின் தடிமனும் உள்ளே ஒட்டும் தாங்குகட்டைகளும் அளவறிந்து அமைந்தால் மலிவுப் பலகையும் பாடும். 1969இல் உட்ஸ்டாக் மேடையில் கன்ட்ரி ஜோ மெக்டொனால்டு தனியாக வாசித்தது இதன் தம்பியான எஃப்ஜி 150. அந்நாளைய சிவப்புச் சீட்டு எஃப்ஜி கிதார்களை இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள். கழுத்துக் கோணம் சரிந்து கம்பிகள் மேலேறிவிடும் குறை அவற்றுக்கு உண்டு. அதைச் சரிசெய்து வாசிக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள்.

அதே 1969இல் இன்னொன்றும் நடந்தது, நமக்கு இதுவே முக்கியம். பிரேசில் தன் ரோஸ்வுட்டைத் தடியாக ஏற்றுமதி செய்வதைத் தடுக்கவே, அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டிதான் அது. தோதகத்தி என்பது அதன் இன்னொரு பெயர். உலகின் மதிப்புமிக்க கிதார்களின் முதுகும் விலாவும் நம் காட்டுமரமாயின. மரத்தின் பிறப்பிடத்தைக் கேட்டு யாரும் முகம் சுளிக்கவில்லை. உளி பிடித்த கை எந்த ஊர்க் கை என்பதில்தான் சுளிப்பு.

1985க்குப் பின் யென்னின் மதிப்பு உயர, மலிவுக் கிதார்த் தொழில் ஜப்பானை விட்டுக் கொரியாவுக்கும் பிறகு இந்தோனேசியாவுக்கும் சீனாவுக்கும் நகர்ந்தது. அதோடு ஏளனமும் கூடவே இடம்பெயர்ந்தது. முன்பு ஜப்பான் கிதாரைப் பழித்தவர்களே, கொரியக் கிதாரைக் கண்டதும் ஜப்பானுடையதைப்போல் வருமா என்றார்கள். இந்தியாவில் செய்த பழைய மலிவுக் கிதார்கள் பலவற்றில் கம்பிகள் விரலை அறுக்கும் உயரத்தில் நின்றன என்பதையும் மறுப்பதற்கில்லை. அந்தப் பழி நியாயமானது. ஆனால் அது கழுத்தைப் பொருத்திய விதத்தின் மேல் வரவேண்டிய பழி.

தமிழக அரசு 1994இல் தோதகத்தியைக் காக்கத் தனிச் சட்டம் இயற்றியது. 2017இல் பன்னாட்டு உடன்படிக்கையும் தோதகத்தி இனம் முழுவதன் வணிகத்துக்குக் கட்டுப்பாடு விதித்து, 2019இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் விலக்களித்தது. ஆகவே மார்ட்டின் கிதார் தடையின்றிக் கடல்தாண்டி வரும். தோதகத்தி முதுகுள்ள ஒன்றை வாங்க விரும்பும் சென்னைக்காரர், மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து போன மரத்துக்கும் சேர்த்தே இறக்குமதி வரி கட்டுகிறார்.