உப்புக் கரையும் எழுத்தறிவும்: துர்காபாய் தேஷ்முக்கின் கல்வித் தொண்டு

மரக்காணத்து உப்பளங்களில் பாத்திகளில் தேங்கிய உவர்நீர் வெயிலில் வற்றி வெண்மணிகளாகப் படிகின்றது. அவ்வெயிலில் உழைப்போருள் பெண்கள் பலர். இத்தகைய கடற்கரைகளில் விளையும் உப்பே 1930ஆம் ஆண்டில் நாட்டின் விடுதலைப் போருக்குப் படைக்கலமாயிற்று. அப்போர் சென்னையிலிருந்து சிறைக்கு அனுப்பிய இளம்பெண் ஒருவர், பின்னாளில் முதியோர் கல்வியின் முன்னோடியாக விளங்கினார். அவரே துர்காபாய் தேஷ்முக்.

1909ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் இராஜமகேந்திரவரத்தில் பிறந்த துர்காபாய்க்கு எட்டு வயதிலேயே திருமணம் நடந்தது. வயது வந்தபின் அம்மணவாழ்வை அவர் ஏற்கவில்லை. ஆங்கிலவழிக் கல்வியை மறுத்துப் பள்ளியை விட்டு வெளியேறியவர், பெண்களுக்கென இந்திப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். கற்க வேண்டிய வயதிலேயே அவர் கற்பிப்பவருமானார்.

உப்பு அறப்போரின்போது சென்னையில் முன்னின்று போராடிய அவர், 1930 முதல் 1933 வரையிலான காலத்தில் மூன்று முறை சிறைப்பட்டார். வேலூரிலும் மதுரையிலும் கழித்த சிறைநாள்கள் அவர் வாழ்வின் திசையை மாற்றின. எழுத்தறியாமையால் தம் வழக்கின் தன்மையைக்கூட உணராதிருந்த பெண் கைதிகளை அவர் அங்குக் கண்டார். படித்தறிய இயலாதவருக்குச் சட்டம் இருந்தும் பயனில்லை என்னும் உண்மை அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

விடுதலையானபின் தாமே மாணவியானார். காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வைத் தனித்தேர்வராக எழுதித் தேறினார். ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, சென்னையில் சட்டம் பயின்று, வழக்கறிஞராகத் தொழில் தொடங்கினார். தாம் கடந்த இவ்வழியைப் பிறருக்கும் திறந்துவிட்டதே அவரது பெருமை. 1937இல் சென்னையில் அவர் நிறுவிய ஆந்திர மகிளா சபை, பள்ளிப் படிப்பை இழந்த பெண்களை அதே காசித் தேர்வுக்கு ஆயத்தப்படுத்தியது.

அரசியல் நிர்ணய சபையில் பணியாற்றிய துர்காபாய், திட்டக்குழுவின் உறுப்பினராகவும், 1953இல் அமைந்த மத்திய சமூக நல வாரியத்தின் முதல் தலைவராகவும் பொறுப்பேற்றார். அவ்வாண்டிலேயே நிதியமைச்சர் சி. து. தேஷ்முக்கை மணந்தார். 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் எழுத்தறிந்த பெண்கள் நூற்றுக்கு ஒன்பது பேர்கூட இல்லை. சிற்றூர்களுக்கு ஆசிரியைகளும் செவிலியரும் தேவைப்பட்டனர். அப்பணிக்குரிய கல்வித்தகுதி பெற்ற பெண்களோ அரியராயினர். இவ்விரு குறைகளையும் ஒருங்கே தீர்க்க எழுந்ததே 1958இல் வாரியம் தொடங்கிய சுருக்கக் கல்வித் திட்டம். விதவையர், கைவிடப்பட்டோர், வறுமையால் இடையில் நின்றோர் ஆகியோர் பல்லாண்டுப் பாடங்களை ஏறத்தாழ இரண்டே ஆண்டுகளில் கற்றுத் தேர்வெழுத அது வழிசெய்தது. வயது கடந்தது என்பதற்காக எவருக்கும் கல்வியின் கதவு அடைபடலாகாது என்பதே அத்திட்டத்தின் உட்பொருள்.

எழுத்தறிவுப் பணிக்கான நேரு விருதும் 1975இல் பத்ம விபூஷண் விருதும் அவரை நாடி வந்தன. 1981 மே 9ஆம் நாள் அவர் மறைந்தார். சென்னையில் அவர் பெயரால் விளங்கும் சாலையும் மருத்துவமனையும் இன்றும் அவரை நினைவூட்டுகின்றன.

உப்பு வரி 1947இல் ஓர் ஆணையால் நீங்கியது. எழுத்தறியாமையோ ஆணையால் நீங்குவதன்று. ஒருவர் அருகே மற்றொருவர் அமர்ந்து பொறுமையுடன் கற்பித்தாலன்றி அது அகலாது. கூலிப் பதிவேட்டில் கைந்நாட்டு வைத்த பெண்ணொருத்தி முதன்முறையாகத் தன் பெயரை எழுதி, அருகிலுள்ள தொகையையும் தானே படித்துச் சரிபார்க்கும் நாளே துர்காபாய் வேண்டிய விடுதலை நாளாகும். அந்நாளை விரைவுபடுத்தும் பொறுப்பு, எழுத்தறிந்த ஒவ்வோர் இல்லத்துக்கும் உரியது.