தொலைவழிப் பிசியோதெரபி: இளைஞரின் கழுத்து வலியும் தொடர் சிகிச்சையும்

கழுத்து வலிக்காகப் பிசியோதெரபி நிபுணரை ஒருமுறை நேரில் கண்டு, பரிசோதனை முடிந்து, செய்ய வேண்டிய அப்பியாசங்களைக் கற்று வீடு திரும்பிய ஒருவரை, அதன்பின் காணொளி அழைப்பின் வாயிலாகவோ தொலைபேசியிலோ உரிய இடைவெளிகளில் விசாரித்து, அவருடைய பயிற்சியைத் திருத்தியும் கூட்டியும் குறைத்தும் நடத்திச் செல்வது தொலைவழித் தொடர் சிகிச்சை எனப்படும். 2020-ஆம் ஆண்டின் கொரோனா ஊரடங்குக் காலத்தில் இது பல தேசங்களிலும் துரிதமாகப் பரவியது.

ஏறத்தாழ 5 கிலோ பாரமுள்ள சிரசைக் கழுத்தின் 7 முள்ளெலும்புகளும் அவற்றைச் சூழ்ந்த தசைகளும் தாங்கி நிற்கின்றன. கைப்பேசியைக் குனிந்து பார்ப்பதே இளைஞரின் கழுத்து வலிக்கு மூலகாரணம் என்று பலரும் சொல்வது வழக்கமாயினும், அந்த நிலை ஒன்றையே குற்றவாளியாக்கப் போதிய ஆதாரம் இல்லை. நெடுநேரம் அசையாது அமர்தல், நித்திரைக் குறைவு, மனச் சஞ்சலம் ஆகியவையும் இதில் பங்கு கொள்கின்றன.

இளம் வயதினரிடம் தொடர் சிகிச்சை விசேஷமாக அவசியமாவதற்குக் காரணம், வலி தணிந்தவுடனே அவர்கள் பயிற்சியைக் கைவிட்டுவிடுவதுதான். கழுத்தின் முன்புறத்தில் ஆழ்ந்து கிடக்கும் சிறு தசைகள் வலுப்பெறப் பல வாரங்கள் வேண்டும். முகவாயை மெல்ல உள்ளிழுக்கும் எளிய அப்பியாசத்தைக்கூட, மேற்பார்வை இல்லாதபோது, மேலோட்டமான தசைகளை இறுக்கித் தவறாகச் செய்வோர் உண்டு. பக்கவாட்டில் வைத்த கைப்பேசியின் காமிரா இப்பிழையைக் காட்டிக்கொடுக்கும். அதனினும் மேலாக, நோயாளி நாள்தோறும் உட்காரும் நாற்காலியையும், அவர் மடிக்கணினி வைத்திருக்கும் உயரத்தையும், கட்டிலில் சாய்ந்தபடி படிக்கும் பழக்கத்தையும் நிபுணர் பிரத்தியட்சமாகக் காண்கிறார். சிகிச்சை நிலையத்தின் அறைக்குள் இருந்தவண்ணம் இவற்றைக் காண இயலாது. இவ்வாறு வீட்டுச் சூழலைக் காண முடிவதே இம்முறையின் தலையாய பிரயோஜனம் என்று கொள்ளத்தகும்.

முன்னேற்றத்தை அளப்பதற்கு, வெர்னன், மியோர் என்போர் 1991-இல் வெளியிட்ட, 10 பகுதிகளும் 50 மதிப்பெண்களும் கொண்ட கழுத்து இயலாமைக் குறியீடு வெகுவாகப் பயன்படுகிறது. உடலைத் தொடவேண்டிய அவசியமின்றி வினாக்களுக்கு அளிக்கும் விடைகளாலேயே கணிக்கப்படுவதால் தொலைவழி முறைக்கு அது மிகவும் இசைவானது.

இம்முறைக்கான விதிகளைப் பொறுத்தவரை, இந்தியாவில் 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டி நெறிகள் பதிவு பெற்ற மருத்துவர்களுக்கு உரியவை. பிசியோதெரபித் தொழிலையோ தேசிய ஆணையம் ஒன்றின் கீழ்க் கொணர்ந்தது 2021-ஆம் ஆண்டின் சட்டம்.

தசையின் இறுக்கத்தை விரலால் உணர்வதும், அனிச்சைச் செயல்களைத் தட்டிப் பார்ப்பதும் திரையின் வழியே கைகூடா. ஆதலால் முதற் பரிசோதனை நேரில் நிகழ்வதே உத்தமம். கையில் மரமரப்போ பலவீனமோ மிகுதல், நடை தடுமாறுதல், சிறுநீர் கட்டுப்படாமை, காய்ச்சலோடு கூடிய கழுத்து விறைப்பு, விபத்தில் அடிபட்டபின் தோன்றிய வலி ஆகியவற்றுள் ஒன்று காணப்படினும், அடுத்த காணொளி அழைப்புக்குக் காத்திராமல் உடனே மருத்துவரை நேரில் அணுக வேண்டும்.