ரஸ்க், கீரை, ஸைத்தூன் எண்ணெய்: கிரீட் தீவு சொல்லும் வரலாறு

வரலாறு என்றால் மன்னர்களின் பெயர்களையும் யுத்தங்கள் நடந்த ஆண்டுகளையும்தான் நாம் அதிகம் படிக்கிறோம், படிப்பிக்கிறோம். சாதாரண மக்கள் தினமும் என்ன சாப்பிட்டார்கள், ஏன் அதைச் சாப்பிட்டார்கள் என்று கேட்பது குறைவு. கிரேக்கத்தின் மிகப் பெரிய தீவான கிரீட்டைப் பற்றி இன்று அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம்.

முதலில் ரஸ்க். கிரீட்டின் பழைய அன்றாட உணவு பார்லி மாவில் செய்த ரஸ்க். பாணைச் சுட்டு, துண்டாக்கி, சூடு தணிந்து வரும் போறணையில் மீண்டும் பல மணி நேரம் வைத்து, ஈரம் முழுவதும் போகும்வரை காய வைப்பார்கள். விறகு அருமையான ஊரில் போறணையைத் தினமும் மூட்ட முடியாது. ஒருமுறை சுட்டது வாரக்கணக்கில் கெடாமல் இருக்க வேண்டும். மலையில் ஆடு மேய்ப்பவரும் கப்பலில் போகிறவரும் அதைப் பையில் கொண்டு போவார்கள். கல் போல இருக்கும் அந்த ரஸ்க்கைத் தண்ணீரில் நனைத்துத்தான் சாப்பிட வேண்டும். இன்று உல்லாசப் பயணிகள் விரும்பிச் சாப்பிடும் 'டாகோஸ்' என்பது இதே ரஸ்க்தான். மேலே துருவிய தக்காளி, வெள்ளைப் பாற்கட்டி, ஸைத்தூன் எண்ணெய் சேர்ப்பார்கள். அதில் தக்காளி பிற்காலத்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. ரஸ்க் அதைவிட மிகப் பழையது.

கிரேக்க மொழியில் இந்த ரஸ்க்கின் பெயர் 'பக்ஸிமாதி'. அரபியில் 'புக்ஸுமாத்', துருக்கியில் 'பெக்ஸிமெத்'. மூன்றும் ஒரே சொல்தான். கிரேக்கத்திலிருந்து மற்ற இரண்டுக்கும் போனது.

அரபியிலிருந்து கிரீட்டுக்கு வந்த சொல்லும் உண்டு. 818இல் ஸ்பெயினின் குர்துபாவில் அமீர் முதலாம் ஹகமுக்கு எதிராகக் கிளர்ந்த புறநகர் மக்கள் நாடு கடத்தப்பட்டார்கள். ஒரு பகுதியினர் அலெக்சாந்திரியாவுக்குப் போய், அங்கிருந்தும் வெளியேற்றப்பட்டு, 820களில் அபூ ஹஃப்ஸ் உமரின் தலைமையில் கிரீட்டைக் கைப்பற்றினார்கள். அவர்கள் அகழி வெட்டி அமைத்த நகரம் 'கந்தக்' என்ற பெயரைப் பெற்றது. அகழ் யுத்தத்தின் பெயராக நாம் அறிந்த அதே சொல்தான். கிரேக்கர் வாயில் அது 'ஹந்தாக்ஸ்' ஆனது, வெனிசியர் வாயில் 'கண்டியா' ஆனது. இன்று அந்நகரம் இராக்லியோன். அந்த அமீர்களின் கப்பல்கள் ஏஜியன் கரையோர ஊர்களைக் கொள்ளையடித்ததையும் நாம் மறைக்கத் தேவையில்லை. 961இல் பைசாந்தியத் தளபதி நிக்கிபோரோஸ் போக்காஸ் நகரைப் பிடித்தபோது பெரும் படுகொலை நடந்தது. பின்னர் வெனிசியர் வந்தனர். 21 ஆண்டு முற்றுகைக்குப் பிறகு 1669இல் நகரம் உஸ்மானியர் வசமானது.

ஆட்சிகள் இப்படி மாறிக்கொண்டிருந்த காலமெல்லாம் ஸைத்தூன் மரங்கள் அங்கே காய்த்துக்கொண்டிருந்தன. நொசோஸ் அரண்மனையில் கிடைத்த களிமண் ஏடுகளின் எழுத்தை மைக்கல் வென்ட்ரிஸ் 1952இல் வாசித்துக் காட்டினார். அவற்றில் காவியம் எதுவும் இல்லை. இருந்தவை கணக்குகள்: இத்தனை ஆடு, இவ்வளவு தானியம், இவ்வளவு எண்ணெய். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய களஞ்சியக் கணக்கு அது.

அடுத்தது கீரை. மழைக்குப் பிறகு கிரீட்டின் பெண்கள் கத்தியும் பையுமாக மலைச்சரிவுகளில் இறங்குவார்கள். எது கசக்கும், எது நஞ்சு, எது பிஞ்சில் மட்டும் ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும். அவித்து, எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் விட்டால் ஒரு வேளைச் சாப்பாடு. அங்குள்ள கிறிஸ்தவர்களின் திருச்சபை ஆண்டில் சுமார் 180 நாட்களை நோன்பு நாட்களாக வைத்திருக்கிறது. அந்நாட்களில் இறைச்சியும் பாலும் இல்லை. கீரை, பருப்பு, நத்தை போன்றவைதான். வறுமையும் வணக்கமும் சேர்ந்து உருவாக்கிய உணவு இது.

1948இல் ரொக்பெல்லர் மன்றத்தின் ஆய்வாளர்கள் கிரீட்டில் வீடு வீடாக விசாரித்தார்கள். தானியம், கீரை, பருப்பு, பழம், நிறைய எண்ணெய், கொஞ்சம் இறைச்சி என்று பதிவு செய்தார்கள். 1960இல் அன்செல் கீஸின் ஏழு நாடுகள் ஆய்வு அங்கே தொடங்கியது. ஆய்வுக்கு எடுத்த குழுக்களுக்குள் இருதய நோயால் இறப்பது மிகக் குறைவாக இருந்தவற்றில் கிரீட் குழுவும் ஒன்று. அதன் பிறகு உலகமே கிரீட்டின் கோப்பையைப் புகழ்ந்தது. ஆனால் 1948 ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. ஆறு குடும்பங்களில் ஒன்றுதான் தன் உணவு திருப்தி என்றது. மற்றவர்கள் இறைச்சிக்கு ஏங்கினார்கள். நாம் 'ஆரோக்கிய உணவு' என்று கொண்டாடுவது அவர்களுக்குப் போதாமையாக இருந்தது.

இனி, மனதை அதிகம் பாரமாக்கும் பகுதி. உஸ்மானியர் காலத்தில் தீவு மக்கள் பலர் இஸ்லாத்தைத் தழுவினார்கள். 1881இல் ஏறத்தாழ நான்கில் ஒருவர் முஸ்லிம். ஆனால் அவர்கள் வீட்டில் பேசியது கிரேக்கம், சாப்பிட்டது அதே ரஸ்க், அதே கீரை. கிளர்ச்சிகளில் இரு தரப்பிலும் இரத்தம் சிந்தியது. 1898க்குப் பிறகு ஆயிரக்கணக்கான முஸ்லிம்கள் வெளியேறினார்கள். லோசானில் 1923 ஜனவரி 30ஆம் திகதி கிரேக்கமும் துருக்கியும் மக்களை மாற்றிக்கொள்ள ஒப்பமிட்டன. அதற்கு அளவுகோல் மொழியல்ல, ஊரல்ல, மதம் ஒன்றே. கிரீட்டில் மீதமிருந்த முஸ்லிம்கள் தாம் அறியாத துருக்கிக்கு அனுப்பப்பட்டார்கள். அனதோலியாவின் கிறிஸ்தவர்கள் தாம் அறியாத கிரேக்கத்துக்கு வந்தார்கள். துருக்கியில் கிரீட் முஸ்லிம்களைப் 'பாதிக் காபிர்' என்றார்கள். கிரேக்கத்தில் அகதிக் கிறிஸ்தவர்களைத் 'துருக்கி விதை' என்றார்கள்.

அய்வாலிக், போத்ரும் போன்ற துருக்கிக் கரையோர ஊர்களில் குடியேறிய கிரீட் முஸ்லிம்கள் முதலில் செய்தவற்றில் ஒன்று, வயலோரம் கீரை தேடியது. அதைப் பற்றி அங்கே ஒரு பகிடி உண்டு: தோட்டத்தில் மாடும் கிரீட்காரரும் நுழைந்துவிட்டால், மாட்டை விட்டுவிட்டு முதலில் கிரீட்காரரை விரட்டு! சிரிப்பாகச் சொன்னாலும், அந்தக் கீரைகள் இன்று துருக்கியின் ஏஜியன் கரைச் சந்தைகளில் மதிப்போடு விற்கப்படுகின்றன.

லோசான் என்றால் நம்மில் பலர் உஸ்மானியரின் முடிவை மட்டும் நினைக்கிறோம். அந்த ஆண்டைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, ஊரை விட்டுப் போகச் சொன்ன தாய்மார் தம்மோடு கொண்டு போன கீரை அறிவையும் சேர்த்துச் சொல்வோம். ஒப்பந்தத்தில் அவர்களுக்கு மதம் ஒன்றுதான் இருந்தது. அவர்களின் அடுப்பில் சொந்த ஊரும் இருந்தது.